வெப்சைட் போட்டாச்சு, ஒரு போன்கூட வரவில்லை

கேள்வி: தண்டையார்பேட்டையில் என் அப்பா 28 வருடமாகத் தராசுக்கடை வைத்திருக்கிறார். எலெக்ட்ரானிக் தராசு விற்பனை, ரிப்பேர், எடை சரி என்று அரசு போடும் முத்திரைக்கு வருடா வருடம் எடுத்துப்போய்க் கொண்டுவந்து தருவது எல்லாம் உண்டு. போன வருடம் 35,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டோம். பத்து மாதம் ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இப்போது இன்னொருவர் எல்லாவற்றையும் மாற்றி, ஆப் ஒன்றும் சேர்த்து, 1,20,000 ரூபாய் கேட்கிறார். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், இன்ஸ்டாகிராம்ல போடு போதும்" என்கிறார் அப்பா. நான் பி.காம். முடித்துவிட்டுக் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களைப் போன்ற கடைக்கு வெப்சைட் தேவையா? தேவை என்றால் எப்படி இருக்க வேண்டும்? தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா?

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான பதில். அந்த 1,20,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். ஆப் உங்களுக்கு வேண்டாம். தராசு ரிப்பேருக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை கூப்பிடும் ஒருவர், அதற்காகத் தன் போனில் ஒரு ஆப்பை இறக்கி வைத்துக்கொள்ள மாட்டார். வெப்சைட் மட்டும் கட்டாயம் தேவை. இப்போது இருப்பதுபோல் இல்லாமல், உங்கள் அப்பாவின் வெப்சைட்டாக அது இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே உங்கள் வெப்சைட்டை என் போனில் திறந்து பார்த்தேன். பேசின் பாலத்தில் சிக்னலுக்காக ரயில் நின்றிருந்த நேரம். உங்கள் வாடிக்கையாளர்களும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் பார்ப்பார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் வேலை, நெட் விட்டுவிட்டு வரும். கொஞ்ச நேரம் வெள்ளைத் திரை. அப்புறம் கோட்டு சூட்டு போட்ட இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் கைகுலுக்கும் படம். அது நகர்ந்து ஒரு கண்ணாடிக் கட்டடம் வந்தது. கீழே, முன்னணி நிறுவனம், உலகத்தரம், வாடிக்கையாளர் திருப்தி என்று ஆங்கிலத்தில் நான்கு பத்தி. போன் நம்பரைக் கண்டுபிடிக்க ஏழு முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. கிடைத்த நம்பரும் ஒரு படத்துக்குள் இருந்தது. தொட்டால் அழைப்பு போகவில்லை. தொடர்புப் படிவம் எந்த மெயிலுக்குப் போகிறது என்று பாருங்கள். யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் பத்து மாதத்தில் வந்த நான்கைந்து பேர்கூட அங்கேயே கிடப்பார்கள்.

எனக்கு வருத்தமாக இருந்தது இன்னொரு விஷயம். 28 வருடம் தராசைத் திறந்து மூடிய ஒரு மனிதருடைய கடை அது. அவர் முகம் அதில் இல்லை. கடையின் படம் இல்லை. தராசின் படம்கூட ஒன்றுதான், அதுவும் எங்கிருந்தோ எடுத்தது.

வெப்சைட் செய்யும் இந்தத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் இதே தவறைச் செய்திருக்கிறேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கண்ணாடி மொத்த வியாபாரிக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். அப்போது ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்யும் அனிமேஷன் பெரிய மோகம். கண்ணாடித் துண்டுகள் பறந்து வந்து கடைப் பெயராக ஒட்டிக்கொள்ளும். இருபது நாள் உட்கார்ந்து செய்தேன். பெரியவர் முழுதும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "படம் நல்லா இருக்கு தம்பி. எங்களுக்கு வர்ற போன் எல்லாம் நாலு மில்லி கண்ணாடி சதுர அடி என்ன விலை, அறுத்துக் குடுப்பீங்களா, வண்டி வச்சு அனுப்புவீங்களான்னுதான் வருது. அது எங்க போட்டிருக்கீங்க?" அது எங்கேயும் இல்லை. ஃபிளாஷ் ஐபோனில் வேலை செய்யவே இல்லை, 2020 டிசம்பரோடு அதை வெளியிட்டுவந்த அடோபி கம்பெனியும் அதை முழுக்க நிறுத்திவிட்டது. நான் செய்த அனிமேஷன் போய்விட்டது. அவர் கேட்ட மூன்று கேள்விகள் இன்றும் ஒவ்வொரு கண்ணாடிக் கடைக்கும் வந்துகொண்டுதான் இருக்கும். அன்றிலிருந்து யாருக்கு வெப்சைட் செய்தாலும் முதலில் அந்தக் கடையின் போனுக்குப் பக்கத்தில்தான் போய் உட்காருகிறேன்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு வாரத்துக்குக் கடைக்கு வரும் ஒவ்வொரு போனையும், நேரில் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தி எழுதாதீர்கள். "தராசு ஜீரோவுக்கு வரமாட்டேங்குது", "அம்பது கிராம் கூட காட்டுது", "சார்ஜ் நிக்கல", "முத்திரை தேதி முடிஞ்சுபோச்சு, நீங்களே போட்டுத் தருவீங்களா", "ரிப்பேருக்கு விட்டா அதுவரைக்கும் வேற தராசு குடுப்பீங்களா", "மணலிக்கு வருவீங்களா", "ஞாயித்துக்கிழமை கடை உண்டா". பக்கத்திலேயே அப்பா சொன்ன பதிலையும் அவர் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முடியும்போது கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதிகம் வந்த கேள்வி வெப்சைட்டில் மேலே போகும், குறைவாக வந்தது கீழே. வெப்சைட்டில் என்ன எழுதுவது என்ற பெரிய குழப்பம் இந்த ஒரு நோட்டோடு தீர்ந்துவிடும். எந்த டிசைனரும் இதை உங்களுக்கு எழுதித் தர முடியாது, நான் உள்பட.

உதாரணத்துக்கு முத்திரை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் எலெக்ட்ரானிக் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். எடைக்கற்களுக்கும் பழைய தட்டுத் தராசுக்கும் 24 மாதம். இது உங்கள் அப்பாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். புதிதாக மளிகைக்கடை வைக்கும் ஒரு பையனுக்குத் தெரியாது. எடையளவு அதிகாரி ஆய்வுக்கு வந்து கேட்ட பிறகுதான் அவன் பதறிக்கொண்டு போனில் தேடுவான். அந்த நேரத்தில், "தராசுக்கு முத்திரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, என்னென்ன கொண்டுவர வேண்டும், எத்தனை நாள் ஆகும், அதுவரை கடையில் எப்படி எடை போடுவது" என்று தெளிவாக எழுதிய ஒரு பக்கம் தண்டையார்பேட்டைக் கடை ஒன்றின் பெயரில் இருந்தால், அவன் அடுத்துச் செய்வது அந்தக் கடைக்குப் போன் போடுவதுதான். முன்னணி நிறுவனம் என்று நாம் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்ததுமே இவருக்குத் தொழில் தெரியும் என்று அவனுக்குப் புரிந்துவிடும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் உங்களுக்கு எவ்வளவு பக்கம்! மீன் எடை போடும் தராசு உப்புத் தண்ணீரிலேயே கிடப்பது. ஐஸ் தண்ணீரும் உப்பும் உள்ளே இறங்கி, எடையை உணரும் 'லோடு செல்' என்ற பாகமும் சர்க்கியூட் போர்டும் அரித்துப்போவதை அப்பா நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார். மீன் கடைக்கு எந்தத் தராசு வாங்கலாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு மட்டும் போதுமா, ஐ.பி.67 என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று அவரைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது என்பதுதான் அந்த 67. இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்கு அடுத்த வருடம் ஒரு தராசுச் செலவு மிச்சம். இரவு வேலை முடிந்ததும் தராசை எப்படித் துடைத்து வைப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரிப்பேர் குறைந்துவிடுமே என்று அப்பா யோசிக்கலாம். வியாபாரம் போகாது. தங்கள் தராசு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற தராசுக்கடைக்காரரைப் பற்றித்தான் வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்வார்கள். இப்படி உங்கள் ஊரின் தண்ணீரையும் காற்றையும் தெரிந்த ஒரு பக்கத்தை டெல்லியிலோ மும்பையிலோ உட்கார்ந்து ஆன்லைனில் தராசு விற்கும் கம்பெனியால் எழுத முடியாது.

சரி, முதல் திரைக்கு வருவோம். போனில் திறந்தவுடன், விரலால் தள்ளாமலே, மூன்று விஷயம் தெரிய வேண்டும். இது என்ன கடை, எங்கே இருக்கிறது, எப்படிக் கூப்பிடுவது. இப்படி எழுதலாம்: "எலெக்ட்ரானிக் தராசு விற்பனை, ரிப்பேர், முத்திரை. தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்து வரும் தூரம். திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் இரவு 8 வரை." அதற்குக் கீழே இரண்டு பட்டன். ஒன்று, தொட்டால் நேராகப் போன் போவது. இன்னொன்று, தொட்டால் வாட்ஸ்அப் திறப்பது. வாட்ஸ்அப் பட்டனில் "தராசின் படத்தை அனுப்புங்கள்" என்றே எழுதிவிடுங்கள். தராசின் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பினால், மாடல் என்ன, எத்தனை கிலோ வரை தாங்கும், பார்ட்ஸ் கிடைக்குமா என்று அப்பா உடனே சொல்லிவிடுவார். வாடிக்கையாளருக்கு ஒரு நடை மிச்சம்.

வழி சொல்வதில் வட சென்னைக்காரர்கள் கொஞ்சம் அலட்சியமாக இருக்கிறோம். "டி.எச். ரோட்ல வந்து கேட்டா யாரும் சொல்வாங்க" என்று விட்டுவிடுகிறோம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, இந்தப் பக்கம் இதுவரை வராதவர்கள்கூட வருகிறார்கள். அவர்களுக்குச் சந்து தெரியாது. மெட்ரோவின் எந்த வாசலில் இறங்க வேண்டும், எந்தக் கடை ஓரம் திரும்ப வேண்டும், பெரிய மேடைத்தராசை ஏற்றி வரும் வண்டி உள்ளே வருமா, வராது என்றால் எங்கே நிறுத்தலாம் என்று நான்கு வரி எழுதுங்கள். சந்து முனையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் நீங்களே போய்த் தராசை வாங்கி வருவீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

விலை போடுவதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அப்பா அதைத்தான் முதலில் எதிர்ப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லாக் கடைக்காரர்களும் எதிர்க்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரன் பார்த்துப் பத்து ரூபாய் குறைத்துவிடுவான் என்ற பயம். அவர் உங்கள் விலையைத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும், வெப்சைட் தேவையில்லை. விலை தெரியாமல் போனை வைத்துவிடுகிற வாடிக்கையாளர்தான் உண்மையான நஷ்டம். ரிப்பேருக்குத் துல்லியமாக விலை சொல்ல முடியாது என்பது சரிதான். அப்படியானால் எதைப் பொறுத்து மாறும் என்று சொல்லுங்கள். பேட்டரி மாற்ற இவ்வளவு, டிஸ்பிளே மாற்ற இதிலிருந்து இதுவரை, லோடு செல் போயிருந்தால் மாடலைப் பொறுத்து, திறந்து பார்க்க மட்டும் இவ்வளவு, ரிப்பேர் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போனால் அதுவும் வாங்க மாட்டோம் என்று. கூடவே, ரிப்பேர் செய்வதைவிடப் புதுசு வாங்குவது எப்போது லாபம் என்றும் ஒரு வரி. தன் வருமானத்துக்கு எதிராக ஒரு உண்மையைச் சொல்லும் கடைக்காரர்மேல் வரும் நம்பிக்கை வேறு எதிலும் வராது.

நம்பிக்கை பற்றிச் சொல்லும்போது, உங்களிடம் ஏற்கெனவே ஒரு பெரிய சொத்து இருக்கிறது. தராசு விற்கவும் ரிப்பேர் செய்யவும் எடையளவுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அப்பாவிடம் இருக்கும், கடைச் சுவரில் மாட்டியும் இருப்பார். அதை வெப்சைட்டில் ஒரு மூலையிலாவது போட்டீர்களா? இல்லை. கைகுலுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இருந்த இடம் அதற்கு இல்லாமல் போனது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அப்பா மேசை விளக்கடியில் தராசைத் திறந்து வேலை செய்யும் படத்தை வையுங்கள். பக்கத்தில் லைசென்ஸ் எண், ஜி.எஸ்.டி. எண். படம் எடுக்க ஆள் வைக்க வேண்டாம், உங்கள் போன் போதும். காலை வெயில் கடைக்குள் விழும் நேரத்தில், வேலையைத் தொடரச் சொல்லிவிட்டு எடுங்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் விறைத்துவிடுவார்.

தமிழா, ஆங்கிலமா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதே என் பதில். ஆனால் ஒன்றை மற்றொன்றாக அப்படியே மொழிபெயர்க்காதீர்கள், ஏனென்றால் வருகிற ஆட்கள் வேறு. மணலியில் உள்ள தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பார்க்கும் அதிகாரிக்கு ஆங்கிலப் பக்கம் வேண்டும். அவர் தேடுவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டா, டன் கணக்கில் எடை போடும் மேடைத்தராசு பார்ப்பீர்களா, ஜி.எஸ்.டி. பில் கிடைக்குமா, கொட்டேஷன் மெயிலில் வருமா என்பது. வண்ணாரப்பேட்டையில் நகைக்கடை வைத்திருப்பவருக்கும், கொருக்குப்பேட்டையில் பழைய இரும்பு எடுப்பவருக்கும், காசிமேட்டு மீன் வியாபாரி அக்காவுக்கும் தமிழ்ப் பக்கம். மெனு மட்டும் தமிழில் இருந்து உள்ளே எல்லாம் ஆங்கிலமாக இருப்பது யாருக்கும் உதவாது. பட்டனைத் தட்டினால் தானாக மொழிபெயர்க்கும் கருவியையும் நம்பி விடாதீர்கள். தராசுத் தட்டைச் சாப்பாட்டுத் தட்டாக்கிவிடும்.

தமிழில் எழுதும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கப் பயன்படுத்தும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அதைப் படமாக மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கத் தமிழாகத்தான் தெரியும். கூகுளுக்கு அது வெறும் படம். "தராசு ரிப்பேர்" என்று யார் தேடினாலும் உங்கள் பக்கம் வராது. கண் தெரியாதவர்கள் போனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் அதில் ஒன்றும் வராது. எல்லாப் போனும் கூகுளும் படிக்கும் பொது எழுத்து முறையான யூனிகோடில் தட்டச்சு செய்த எழுத்தாகவே இருக்க வேண்டும். ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவு, வரிகளுக்கு நடுவே கொஞ்சம் அதிக இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும் கீழே சுழியும் உண்டு, நெருக்கிப் போட்டால் அப்பா வயதுக்காரர்கள் படிக்கக் கஷ்டப்படுவார்கள். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து போடுவது இப்போது ஒரு நாகரிகம். உச்சி வெயிலில் கடை வாசலில் நின்று அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கறுப்பாக்கிவிடுவார்கள்.

அப்பாவின் இன்ஸ்டாகிராம் யோசனையைத் தள்ளிவிட வேண்டாம். திறந்த தராசுக்குள் உப்பு அரித்ததைக் காட்டும் ஒரு நிமிட வீடியோவைப் பலர் பார்ப்பார்கள். ஆனால் அது மேலே வந்து, அடுத்த நாளே கீழே போய்விடும். ஆய்வுக்கு நாளை வருகிறார்கள் என்று தெரிந்து ராத்திரி பதினொரு மணிக்குத் தேடுகிறவர் இன்ஸ்டாகிராமில் தேட மாட்டார். அவர் கூகுளில் அல்லது மேப்பில் தேடுவார். அதனால் வெப்சைட்டுக்கு முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டியது கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது. இலவசம்தான். யாராவது ஏற்கெனவே உங்கள் கடையைத் தவறான நம்பரோடு போட்டு வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் அதை உங்கள் பெயருக்கு உரிமை கோருங்கள். பெயர், முகவரி, நேரம், நம்பர் எல்லாம் போர்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். பொங்கலுக்கு மூடினால் மூடியிருக்கிறது என்று போடுங்கள். நல்லபடியாக வேலை முடித்துக் கொடுத்த வாடிக்கையாளரிடம், முடிந்தால் இரண்டு வரி எழுதுங்கள் என்று நேராகக் கேளுங்கள், தப்பில்லை. காசு கொடுத்து நட்சத்திரம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரைக் கடைக்குள் விடாதீர்கள். எடை சரியாக இருக்க வேண்டும் என்பதே உங்கள் தொழில், மதிப்பீட்டில் கள்ள எடை வேண்டாம். இந்தப் பதிவு இருந்தால் வெப்சைட்டே வேண்டாமா என்றால், வேண்டும். அந்தப் பதிவோடு சேர்த்துக் கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சின்ன வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்கு ஒரே நாளில் பக்கம் போய்விட்டது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, செய்கிறவரிடம் இந்த எண்களைச் சொன்னால் புரிந்துகொள்வார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்து மேலும் கீழும் குதிக்கக் கூடாது. இவை கூகுள் வைத்திருக்கும் அளவுகள்தான். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் நீங்களே பார்க்கலாம். உங்களுடையதில் தாமதத்துக்குக் காரணம் அந்த நகரும் படங்கள்தான். ஒவ்வொன்றும் பல எம்.பி. அளவில் இருக்கிறது. போனில் எடுத்த படத்தை 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். உங்கள் வெப்சைட் முகவரி, அதாவது டொமைன், யார் பெயரில் இருக்கிறது? ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் சின்ன அச்சகம் வைத்திருந்தார். வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனைத் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்திருந்தார். நான்கு வருடம் நன்றாக ஓடியது. பிறகு அந்த ஆள் தொழிலை விட்டு வெளியூர் போய்விட்டார், நம்பர் மாறிவிட்டது, புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் அவருக்கே போயின. டொமைன் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் வண்டியிலும் எழுதியிருந்த முகவரியைத் தட்டினால் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பக்கம் திறந்தது. அச்சகக்காரர் தன் பில் புத்தகத்தையே மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது. என்னிடம் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அதனால் இன்றே பழையவரைக் கூப்பிட்டு, சண்டை போடாமல், டொமைன் பதிவு செய்த கம்பெனியின் கணக்கை அப்பா பெயருக்கும் உங்கள் மெயிலுக்கும் மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டால் மாற்றித் தந்துவிடுவார்கள், கெட்ட எண்ணத்தில் வைத்திருப்பதில்லை. ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைத்திருக்கும் வாடகை இடம், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைக் கடை கேலண்டரில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள், முத்திரைத் தேதிகளை வட்டமிடுவீர்கள் அல்லவா, அதேபோல. டொமைன் உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் யாருக்கும் புதிதாகப் பணம் கொடுக்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம். உங்களுக்கு ஐந்து பக்கம் போதும். முதல் பக்கம், ரிப்பேர், முத்திரை, எந்தக் கடைக்கு எந்தத் தராசு, தொழிற்சாலைகளுக்கான ஆங்கிலப் பக்கம். வழி, நேரம், நம்பர் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். ஆன்லைனில் பணம் கட்டி வாங்கும் வசதி இப்போது வேண்டாம். தராசைப் பார்க்காமல், எடை வைத்துச் சோதிக்காமல் உங்கள் வாடிக்கையாளர் வாங்க மாட்டார். இருக்கிற வெப்சைட்டையே பிரித்துப் போட்டு இந்த ஐந்து பக்கத்தை அதற்குள் வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பல நேரம் முடியும். அப்படியானால் நீங்கள் கொடுத்த 35,000 முழுக்க வீணில்லை. விலை பேசும்போது, பின்னால் ஒரு போன் நம்பரையோ விலையையோ நீங்களே மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு, முன்னால் உட்கார வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வரியை மாற்ற ஒவ்வொரு முறையும் அவரைத் தேடிப் போக வேண்டும் என்றால் ஆறு மாதத்தில் அந்த வெப்சைட் பழைய விலையோடு அப்படியே நின்றுவிடும்.

பலன் கிடைக்கிறதா என்று பார்க்க அந்த நோட்டையே தொடருங்கள். கூப்பிடுகிறவரிடம் "எங்க கடை எப்படித் தெரிஞ்சுது அண்ணே?" என்று ஒரு கேள்வி, பக்கத்தில் மேப், வெப்சைட், தெரிந்தவர் என்று ஒரு எழுத்து. மூன்று மாதத்தில் படம் தெளிவாகிவிடும். முதல் மாதத்திலேயே போன் குவியும் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். கூகுள் புதுப் பக்கங்களைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவர வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்களும் ஆகும். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கணக்கில் வெப்சைட்டைச் சேர்த்துவிட்டால், எந்த வார்த்தையைத் தேடி உங்கள் பக்கம் வந்தார்கள் என்று அதுவே காட்டும். நோட்டில் இல்லாத புதுக் கேள்வி ஒன்று அங்கே தெரிந்தால், அதற்குப் பதிலை அப்பாவிடம் கேட்டு எழுதிச் சேருங்கள்.

இரண்டு வார நோட்டு முடிந்ததும், விருப்பம் இருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் கேள்வி எந்தப் பக்கத்தில் போக வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன், அதற்குக் காசு வேண்டாம். அப்புறம், அப்பாவின் லைசென்ஸைப் படம் எடுக்கும்போது கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் டியூப்லைட் கண்ணாடியில் விழுந்து, எண் இருக்கும் இடம் மட்டும் தெரியாமல் போய்விடும்.